பதினாலு கிலோவாட் அடுப்பு

ஆச்சியின் இருமலுக்கு நேரம் உண்டு. காலையில் எண்ணெய் காயும்போது ஒன்று. மாவு பிழிந்து முடிக்கும்போது ஒன்று. மத்தியானம் அடுப்பை அணைத்துச் சாம்பலை வாரும்போது நீளமாக ஒன்று. சுங்கை பினாங்கில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கடிகாரம் பார்க்காமல் அந்த இருமலை வைத்தே நான் முகம் மழித்து, குளித்து, சாப்பிடப் போவேன்.

எங்கள் செட்டிமார் வீடுகளில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். தெய்வானை ஆச்சி எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அவள் கணவர் மெய்யநாதன் அயித்தான் தேவகோட்டையிலிருந்து இருபத்திரண்டு வயதில் இங்கே ஒரு கடைக்கு வேலைக்கு வந்தவர். தமிழ் நன்றாக எழுதுவார், கடைத்தெருவில் பேசும் பாசார் மலாய் பேசுவார். இங்கிலீஷ் தெரியாது. நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கிளார்க்காக இருந்தேன். அதனால் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் காகிதம் எதுவானாலும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வரும்: "நாகப்பா, இத வந்து என்னானு பாரு."

எனக்கு அது பெருமையாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆச்சியின் தொழில் பலகாரம். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம். பினாங்கிலும் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்திலும் எங்கள் ஆட்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் டின் டின்னாகப் போகும். பின்கட்டில் செங்கல் அடுக்கிய விறகடுப்பு, அதன் மேல் இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் இரும்புச் சட்டி. காஸ் அடுப்பில் இரண்டு மாதம் செய்து பார்த்தாள். சட்டியின் நடுவில் விழுந்த தேன்குழல் சிவந்தது, ஓரத்தில் விழுந்தது வெளுத்துக் கிடந்தது. "காஸு நடுவுல குத்துது. வெறகு சட்டி பூரா கட்டிப் புடிக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் விறகுக்கே திரும்பினாள். விறகு முகம்மது சுல்தான் கொண்டுவருவார். பட்டர்வொர்த்துக்கு அப்பால் உள்ள மரச்சாமான் பட்டறைகளிலிருந்து ரப்பர் மரத் துண்டுகள், வாரம் ஒரு லோரி.

அந்த வருஷம் ஜூலையில் ஆச்சி படியேற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நாற்பது வருஷம் சிகரெட் குடித்தவர் நெஞ்சு இப்படித்தான் இருக்கும் என்றார். புகை கூடாது, அவ்வளவுதான். வேறு வேலை பார்க்கச் சொன்னார்.

"அவுரு சொல்லிருவாரு லா" என்றாள் ஆச்சி, வீட்டுக்குக் காரில் வரும்போது. "இந்தக் கை மாவுப் பதம் பாத்துப் பழகுன கை. கம்பியூட்டர் தட்டச் சொல்றாரா?"

"சும்மா ஒக்காந்திரேன் தெய்வான" என்றார் அயித்தான்.

"ஒங்களப் பாத்துக்கிட்டா? அதுக்குப் பொகையே தேவல."

மெல்போர்னில் இருக்கும் அவர்கள் மகள் ஸ்ரீநிதிதான் யோசனை சொன்னாள். "அம்மான், இங்க குளிருக்கு எல்லா வீட்டுலயும் வெறகு அடுப்பு இருக்கு. இரும்புப் பெட்டி மாதிரி, கதவு போட்டு, கொழா வெச்சு. உள்ள ஒரு பொட்டுப் பொகை வராது. சமைக்கிற மாதிரியும் இருக்கு. அங்க கெடைக்குதானு பாருங்க" என்றாள் போனில். பட்டர்வொர்த்தில் ஒரு சீனர் அப்படி அடுப்பு வரவழைத்துக் கொடுக்கிறார் என்று விசாரித்து, பெரிதும் சிறிதுமாக இரண்டு அடுப்புகளின் விவரத்தாள்களை வாங்கிவந்தேன்.

அன்று மத்தியானம் பின்கட்டில் மூவரும் உட்கார்ந்தோம். ஆச்சி சீப்பில் சீடை உருட்டிக்கொண்டிருந்தாள். அயித்தான் மாவு சலித்துக்கொண்டிருந்தார். புருவம் வெள்ளையாக இருந்தது.

"மொதல்ல இதச் சொல்லு. எது சூடு கூட?" என்றாள் ஆச்சி.

"பெருசு. பதினாலு கிலோவாட்."

"அப்படின்னா?"

"ஒரு நேரத்துல எவ்வளவு சூடு தருதுங்கறது. நம்ம தண்ணி சுட வெக்கிற லெட்ரிக் கெத்தல் இருக்குல்ல, அது ரெண்டு கிலோவாட். அந்த மாதிரி ஏழு கெத்தல் ஒண்ணாக் கொதிச்சா இந்த அடுப்பு."

"ஏழு கெத்தலா! கோயிலுக்கே கோப்பி போடலாம் லா."

"தாள்ல அந்தப் பெர்சென்ட்டுக் குறி என்னா?" என்றார் அயித்தான்.

"அது வேற. நூறு கட்ட எரிஞ்சா எத்தன கட்டையோட சூடு நம்ம கைக்கு வந்து சேருதுங்கறது. இதுல எழுபத்தாறு. சின்ன அடுப்புல எண்பத்தொண்ணு. ஆனா அது ஏழே கிலோவாட்டு."

"மிச்சம்?"

"கொழா வழியாப் போயிரும். பொகையா."

"நம்ம செங்கல் அடுப்புக்கு எத்தன பெர்சென்ட்டு?"

"பத்து, பதினஞ்சு இருக்கும்."

"அப்ப எண்பத்தஞ்சு எங்க போச்சு இத்தன வருசமா?"

ஆச்சி மாவுக் கையால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அயித்தான் எழுந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

மிச்சமெல்லாம் குழாய் வழியாகப் போய்விடும் என்று நான் சொன்னேன். அந்த எண் அப்படிச் சொல்லவில்லை. விறகின் சூட்டில் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. வீணாவது எந்த வழியாகப் போகும் என்று அது பொறுப்பேற்கவில்லை. அன்றைக்கு எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

சின்னது போதும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "கல்யாணத்துக்கு நாப்பது டின் கேப்பாங்க. அன்னிக்கு ஏழு பத்தலேன்னா யாரு வீட்டு அடுப்புல போயி நிப்பேன்? பெருசா வாங்கு. வேணாங்கறப்ப கொறச்சுக்கலாம்ல?"

"கொறச்சுக்கலாம். கீழ காத்து வர்ற தொறப்பு இருக்கு. அத மூடுனா மெதுவா எரியும்" என்றேன்.

அப்படித்தான் பதினாலு கிலோவாட் அடுப்பு வந்தது.

முகம்மது சுல்தான்தான் தன் லோரியில் அதைக் கொண்டுவந்தார். நான்கு பேர் இறக்கினார்கள். "ஆச்சி, இது அடுப்பா, பேங்கு லாக்கரா?" என்றார். ஆச்சி அதன் கண்ணாடிக் கதவுக்குக் குங்குமம் வைத்தாள். குழாயை நேராகக் கூரைக்கு மேல் ஏற்ற வேண்டும் என்று படத்தில் இருந்தது. பொருத்த வந்தவன் ஏற்றினான். மறுநாளே மறுபக்கத்து வீட்டு மஹ்பூபா வந்துவிட்டாள்.

"ஆச்சி, எம் பிள்ளை ஸ்கூலு சட்ட வெள்ளையாப் போட்டேன், கரிக்கோடு விழுந்து வரிக்குதிர மாதிரி இருக்கு. எங்க வீட்டு ஜன்னத்து, 'அம்மா, நான் சூவுக்கா போறேன்'ங்குது."

"அய்யோ, ஒம்மேல சத்தியமா தெரியாதும்மா" என்று ஒரு டப்பா சீடையை அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, ஆச்சி குழாயின் மேல் பாதியைக் கழற்றி, வளைவு ஒன்று வைத்து, பின்பக்கக் கால்வாயைப் பார்க்கத் திருப்பச் சொன்னாள். திருப்பிவைத்தவன் மழை புகாமல் இருக்கத் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத் தகடு வைத்து அடைத்துவிட்டுப் போனான். நல்ல வேலைக்காரன். ஒரு நூல் இடைவெளி விடவில்லை.

அடுப்போடு முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கையேடு வந்தது. அதைத் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொன்னார் அயித்தான். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், ஆபீசில் எழுதியது போலக் குண்டு குண்டாக, பதினொரு விதி எழுதினேன். கதவை மூடியே எரிக்கவும். ஈர விறகு கூடாது. சாம்பலை முழுக்க வாராதே, ஒரு விரல் கனம் விட்டுவை. இப்படி. அயித்தான் சோற்றுப் பசை தடவி அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினார். "அச்சடிச்ச மாதிரி இருக்கு நாகப்பா" என்றார்.

பதினாலாம் பக்கத்தை மட்டும் நான் எழுதவில்லை. அறைக்குள் வெளிக்காற்று வர எப்போதும் ஒரு திறப்பு இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இரண்டு படமும் போட்டிருந்தான். ஒன்றில் திறந்த சன்னல், உள்ளே வரும் அம்புக்குறி. மற்றதில் சாத்திய சன்னல், மேலே பெருக்கல் குறி. படித்தேன். இது குளிர் நாட்டுக்காரனுக்கு எழுதியது என்று நினைத்தேன். அவன் சந்து பொந்தெல்லாம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பினாங்கில் யார் சன்னலைச் சாத்திக்கொண்டு அடுப்பெரிப்பார்கள்? எங்கள் கூரை இடைவெளியில் பூனை போய் வரும். தகடு அடித்தது என் கண் முன்னால்தான் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. தாளிலும் இடம் போதவில்லை.

முதல் மாதம் ஆச்சி சிறு பிள்ளை மாதிரி இருந்தாள். இருமல் குறைந்தது. சாம்பல் வாரும் நேரத்து நீள இருமல் நின்றே போயிற்று; நான் இரண்டு நாள் சாப்பாட்டுக்குப் பிந்திவிட்டேன். "என்னடா, ஒனக்கு மணியடிக்க நான் இருமணுமா?" என்று சிரித்தாள். அன்று கருவாட்டுக் குழம்பும் கத்தரிக்காயும். எனக்குப் போட்ட அதே கையால் தானும் ஒரு கவளம் கூட எடுத்துக்கொண்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அடுப்புத்தான் கொஞ்சம் அதிகம். முழுசாக எரித்தால் எண்ணெய் புகைந்தது. முதல் ஈடு தேன்குழல் கருகியது. அதனால் ஆச்சி காற்றுத் திறப்பை முக்கால்வாசி மூடியே வைத்தாள். தீ சிவப்பாகப் படுத்துக்கொண்டு கனன்றது. எண்ணெய் அடங்கியது. தேன்குழல் பொன்னாக வந்தது. அவளுக்கு அந்தப் பதம் பிடித்துவிட்டது. கண்ணாடிக் கதவு மட்டும் தினமும் கறுத்தது. சாம்பல் தொட்டுத் துடைப்பாள், மறுநாள் மறுபடியும் கறுக்கும்.

பலகாரம் சுடும்போது பிறத்தியார் கண் பட்டால் எண்ணெய் குடிக்கும் என்று எங்கள் வீடுகளில் ஒரு நம்பிக்கை. அதற்காகப் பின்கதவைச் சாத்துவது வழக்கம். பழைய அடுப்பில் அது நடக்காது. கால் மணி நேரத்தில் புகை கண்ணைப் பிடுங்கும், கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவருவாள். புது அடுப்பில் புகை இல்லை. கதவைச் சாத்தினால் சாத்தியபடி இருந்தது. சன்னல் மட்டும் திறந்திருந்தது.

அக்டோபரில் தலைவலி என்றாள். தைலம் தடவிக்கொண்டாள். விறகு எடுக்க வெளியே போனால் தேவலை என்றாள். "கண்ணுக்குக் கண்ணாடி மாத்தணும் போல" என்றார் அயித்தான். நானும் அதைத்தான் நினைத்தேன்.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. முகம்மது சுல்தான் கொண்டுவந்த கட்டையெல்லாம் கையில் ஒட்டியது. தார்ப்பாய் போட்டும் காயவில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்துக்கு மனகோலம் கேட்டிருந்தார்கள், நாற்பது டின். ஆச்சிக்கு அந்த வருஷத்தின் பெரிய வேலை. "ஏன்டா இந்தக் கண்ணாடி இப்படிக் கறுக்குது? போயிக் கேட்டுட்டு வா. அப்படியே பொண்ணு வீட்டுல டின் எண்ணிக்கையும் கேட்டுரு" என்று என்னை அனுப்பினாள். வாசல் வரை வந்து குடையை நீட்டினாள். குடையில் மாவு ஒட்டியிருந்தது.

அடுப்புக் கடைச் சீனர் நல்ல மனிதர். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு ஒரு சின்னக் கருவியை எடுத்து, நான் பையில் கொண்டுபோயிருந்த கட்டையில் குத்தினார். முப்பத்தெட்டு என்று காட்டியது. "பசா லா, அங்கிள்", ஈரம் என்று தலையை ஆட்டினார். கட்டையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாதாம். காய்ந்த விறகில், முழுத் தீயில், நேரான உயரக் குழாயில் வைத்து அளந்ததுதான் அந்தப் பதினாலும் எழுபத்தாறும். ஈரக் கட்டையைப் போட்டுக் காற்றையும் மூடினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சூடு பாதிகூட வராது. கட்டை எரியாமல் வேகும். தார் வடிந்து குழாயில் ஒட்டும். "வளைவு வெச்சிருக்கீங்களா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் மாறியது. "காற்றைத் திறக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே குழாயைக் கழற்றிப் பாருங்கள். உங்களுக்குச் சின்னதே போதுமாயிருந்தது" என்றார்.

மணி பதினொன்றரை. கையில் போன் இருந்தது. ஆச்சிக்கு ஒரு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. மாவுக் கை, எடுக்க மாட்டாள். அயித்தானுக்கு அடித்திருக்கலாம். படம் போட்டு விளக்கினால்தான் புரியும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எனக்கு எதையும் உட்கார்ந்து விளக்கப் பிடிக்கும். படகுத்துறையில் மழைக்காற்று; படகு முக்கால் மணி நேரம் தாமதம். சீனர் கொடுத்த தாளின் பின்பக்கம் அடுப்பையும் குழாயையும் வரைந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் நடந்ததை அயித்தான் பிறகு சொன்னார். சாரல் சன்னல் வழியாக அடித்தது. காய்ந்த எண்ணெயில் துளி விழுந்து படபடவென்று வெடித்தது. "அந்தச் சன்னலச் சாத்துங்க, மூஞ்சில தெறிக்குது" என்றாள் ஆச்சி. அவர் சாத்தினார். காற்றுக்குத் திறந்துகொள்ளாமல் இருக்கச் சாக்கை மடித்து இடுக்கில் செருகினார். முன்கட்டுக்குப் போய் டின்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் மழைச் சத்தம். இடையில் ஒரு தடவை, "தெய்வான, கோப்பி வேணுமா?" என்று கேட்டாராம். பதில் இல்லை. மழையில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

நான் வந்து பின்கதவைத் திறந்தபோது ஆச்சி மணையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் மாவு பிழியும் அச்சு. கன்னம் இரண்டும் சிவந்து, வயசு குறைந்த மாதிரி இருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் எனக்கும் பட்டது. சட்டியில் கடைசி ஈடு கறுத்துக் கிடந்தது. எதிர்ச்சுவரில் என் பதினொரு விதி.

என் பின்னால் வந்து எட்டிப் பார்த்த மஹ்பூபாதான் முதலில் கத்தினாள். அயித்தானும் அவளும் நானுமாக ஆச்சியை வெளியே மழையில் தூக்கிக் கிடத்தினோம். மழை அவள் முகத்து மாவைக் கழுவியது. கண் திறக்கவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி குழாயின் வளைவைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தார் கட்டி, சுண்டுவிரல் போகும் அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. போக வழியில்லாத நச்சு வாயு திரும்பி வந்திருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நெஞ்சு ஏற்கெனவே கெட்டவர் என்பதால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்றார். சன்னலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆச்சியைத் தூக்கும் முன்பே மஹ்பூபா எல்லாவற்றையும் திறந்துவிட்டிருந்தாள்.

காரியம் முடிந்து ஸ்ரீநிதி மெல்போர்ன் திரும்பிய மறுநாள், மத்தியானம், அயித்தான் அந்தக் கையேட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். எதிரில் உட்கார்ந்தார்.

"நாகப்பா, இத மொதல்லேர்ந்து படி. தமிழ்ல சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

படித்தேன். பக்கம் பக்கமாக. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதின்மூன்றாம் பக்கம் முடிந்தது. என் குற்றத்தைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். சொல்லவும் வாயெடுத்தேன். அதைச் சொன்னால், சன்னலைச் சாத்தின கை எது என்பதும் அதோடு வந்துவிடும். நாற்பத்தாறு வருஷம் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்த கை.

பதினாலாம் பக்கம் கண்ணில் படாமல் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன்.

"கண்ணாடி தொடைக்கிறதப் பத்திப் போட்டிருக்கான்" என்றேன்.

முப்பத்திரண்டாம் பக்கம் வரை படித்து முடித்தேன். பிறகு கேட்டார்: "சன்னலப் பத்தி ஒண்ணும் போடலயா?"

"இல்ல அயித்தான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சரி" என்றார். கையேட்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நீ சொன்னா சரிதான்."

அதற்குப் பிறகு பதினாலு மாதம் இருந்தார். அடுப்பை முகம்மது சுல்தான் எடுத்துப்போனார். சமையல் என் வீட்டில் காஸில். தினமும் மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசம் தண்ணியாக இருந்தால் கேலி பண்ணுவார். மஹ்பூபா மீன் கொடுத்தனுப்பினால் முள்ளை எடுத்து என் தட்டில் சதையாக வைப்பார். போன தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில், தேர் பார்த்துவிட்டு வந்த களைப்பில் நாற்காலியில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

சென்ற வாரம் அவர் பெட்டியை ஒழித்தேன். வேட்டிகளுக்கு அடியில் அந்தக் கையேடு இருந்தது. கையில் எடுத்ததும் தானாகவே ஒரு பக்கத்தில் பிரிந்துகொண்டது, பல தடவை பிரித்த புத்தகம் பிரிவதுபோல. பதினாலாம் பக்கம். ஓரமெல்லாம் விரல் அழுக்கு. சாத்திய சன்னலின் படம், பெருக்கல் குறி மங்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

அதற்குள் மடித்து வைத்திருந்தது என் காலண்டர் தாள். சுவரிலிருந்து நனைத்து எடுத்திருக்கிறார், ஒரு கிழிசல் இல்லை. என் பதினொரு விதிக்குக் கீழே, கடைக் கணக்கு எழுதிப் பழகிய அவருடைய சாய்ந்த எழுத்தில், பென்சிலால் ஒரு வரி.

12. சன்னலைத் திறந்து வைக்கவும்.

பதினாலு மாதம். ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. சோற்றில் கை வைக்கும் முன் எழுந்து போய், மழை பெய்தாலும், என் அடுப்படிச் சன்னலைத் தள்ளித் திறந்துவிட்டுத்தான் வந்து உட்காருவார். வயசானவருக்குப் புழுக்கம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.